ரதியின் முன்பல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ரதிதேவி என் வீட்டுக்காரர் அழகர்தான். வருஷம் முழுக்கச் செடி வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை; மாசி மாதம் வந்தால் அதே கையில் வளையல் ஏறும். ஸ்பிரிங்வெளிப் பக்கம் எத்தனையோ தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. ஆனாலும் அழகர் கட்டுகிற ரதியைப் பார்க்கப் பதுளை டவுனிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். சிவபெருமான் காமனை எரித்த பிறகு ரதி அழுவாளே, அந்த ஒப்பாரியை இவர் எடுத்தால் பொட்டலில் இருக்கிற பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்துவார்கள். நானும் சிந்தியிருக்கிறேன். வீட்டில் எனக்குக் காய்ச்சல் வந்தால் 'என்னா, இன்னும் சோறு ஆகலையா' என்று கேட்கிற மனுஷன்தான் இது என்று அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

அப்படிப்பட்ட ரதிக்கு எழுபத்தாறாம் வருஷம் முன்பல் வலி வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு, வரவழைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெமோதரையில் ஒரு கல்யாண வீட்டில் சோடாப் போத்தல் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து காட்டியிருக்கிறார். பத்துப் பேர் கைதட்டினார்களாம். அன்றைக்கு லேசாக ஆடிய பல் பிறகு நின்றுவிட்டது. நிறம் மட்டும் மங்கிக்கொண்டே வந்தது. பொங்கல் முடிந்த கையோடு ஒரு நாள் சாயந்தரம் தேத்தண்ணியை வாயில் வைத்தவர், கோப்பையை அப்படியே தூக்கி முற்றத்தில் எறிந்தார்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவுக்குப் பல் வலி என்றால் ஒரே வைத்தியம்தான், பல் பிடுங்குகிற கொறட்டை எடுப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மேல் ஒரு வைத்தியம் இருப்பது எங்களுக்கும் தெரியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாற்பது வயது தாண்டி முழுப் பல்லோடு இருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் இவர் கொறட்டைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்.

"ஓட்டைப் பல்லோட ரதி சிரிச்சா சனம் அழுவுமா? கெக்கெக்கேன்னு சிரிக்கும்" என்றார். ஒரு மாதம் கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே ஓட்டினார்.

கூத்துக்குச் சேலை எடுக்கப் பதுளைக்குப் போனபோதுதான் வழி பிறந்தது. வருஷா வருஷம் ஹாஷிம் முதலாளி கடையில்தான் ரதிக்குச் சேலை எடுப்போம். இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு முதலாளி, "எங்கட மச்சான் டொக்டர் அலவி சீமைக்குப் போய் பல்லு வேருக்கு வைத்தியம் படிச்சவர். கண்டியில ஈக்கிறார். ரெண்டு கெழமைக்கு ஒருக்கா சனிக்கிழமை இங்க வந்து இந்த மாடியிலதான் பாக்குற. பல்லைப் பிடுங்காம வலிய எடுப்பார்" என்றார். பல்லைப் பிடுங்காமல் வலியை எடுப்பதா? இவர் என்னைப் பார்த்தார். எனக்கும் நம்பிக்கை இல்லை. என்றாலும் மாசி அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை அந்த மாடிப்படி ஏறினோம்.

டாக்டர் அலவி மெலிந்த மனுஷர், பேச்சு மெதுவாக வரும். சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பல்லைத் தட்டியதும் இவர் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார். பிறகு தபால் முத்திரை அளவில் ஒரு எக்ஸ்ரே படம் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வேரின் நுனியில் கடுகளவு ஒரு கறுப்பு.

"பல்லுண்டா கல்லு இல்ல தங்கச்சி. உள்ளுக்கு மயிர் அளவுல ஒரு ஓட்டை ஈக்கி. அதுக்குள்ளதான் நரம்பு. போத்தல் தொறந்த அண்டைக்கே அந்த நரம்பு சாகத் தொடங்கிட்டுது. இப்ப உள்ளுக்கே கெடந்து அழுகுது. நுனியில ஈக்கிற கறுப்பு அந்தச் சீழ்தான்."

"அப்ப பல்லையே புடுங்கிறதுதானேங்க?"

"ஊட்டுக்குள்ள எலி செத்தா ஊட்டையா இடிக்கிற? எலியத் தூக்கி வீசி, கழுவி, மருந்து போட்டு, ஓட்டைய அடைச்சா ஊடு நிக்கும்."

அது எனக்குச் சட்டென்று விளங்கியது. பல்லின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு துளை போட்டார். மயிர் போன்ற ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, சின்ன அடிமட்டத்தில் நீளம் பார்த்து, துளைக்குள் விட்டுச் சுரண்டினார். நாற்றத்தில் நான் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். இவரோ விறைத்துப் போய்க் கிடந்தார். ஒரு மணி நேரம் கழித்து மருந்து வைத்து, வெள்ளையாக எதையோ வைத்துத் துளையை மூடினார்.

"இது தற்காலிகமாப் போட்ட மூடி. ரெண்டு கெழமைக்கு மேல தாங்க ஏலா. அடுத்த தரம் திரும்பக் கழுவணும். அதுக்குப் பொறகுதான் வேரை நெரப்பி மூடுற. நாளைக்கோ நாளண்டைக்கோ வலி போகும். அதுதான் எனக்குப் பயம்."

"வலி போனா நல்லதுதானேங்க? அதுக்கு ஏன் பயம்?"

"வலி போனா நீங்க வரமாட்டீங்க" என்றார். பிறகு கதவு வரைக்கும் வந்து, "கண்ணுப் பக்கம் வீக்கம் ஏறினா ஒரு நாளும் சுணங்கக் கூடாது. உசிருக்கே ஆபத்து" என்றும் சொல்லிவிட்டார். காசு வாங்கவில்லை, ரதிக்கு வைத்தியம் பார்த்ததே போதுமாம்.

அவர் பயந்தபடியேதான் நடந்தது. திங்கட்கிழமை வலி போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றி, கூத்து வாத்தியார் கந்தப்பன் மாமா இவர் கையில் மஞ்சள் கயிறு கட்டினார். காப்புக் கட்டினால் பௌர்ணமிக்குக் காமனை எரிக்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. டாக்டர் வரச் சொன்ன சனிக்கிழமையோ தகனத்துக்கு மூன்று நாள் முன்னால் விழுந்தது.

"கூத்து முடியட்டும், போவோம். வலிதான் சுத்தமா இல்லையே" என்றார். நான் சண்டை பிடித்தேன்தான். ஆனால் என் மனசிலும் ஒரு ஓரத்தில், டாக்டர்மார் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு இருந்தது. வலியில்லாத மனுஷனை நோயாளி என்று எப்படி நம்புவது? இவரோ கம்பங்கூழ் குடித்துக்கொண்டு, பொட்டலில் போட்ட பந்தலிலேயே படுத்துக்கொண்டு, முழுமூச்சாக ஆடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் புதன்கிழமை மேலுதடு தடித்தது. வியாழக்கிழமை காய்ச்சல். வெள்ளிக்கிழமை காலையில் நான் பந்தலுக்குப் போனபோது வீக்கம் கன்னத்தைத் தாண்டிக் கண்ணுக்குக் கீழே ஏறியிருந்தது. ஒரு கண் பாதி மூடிவிட்டது. டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு, இப்போதே டவுனுக்குக் கொண்டுபோ என்றார். இவர் தலையை ஆட்டினார்.

"எல்லையத் தாண்ட மாட்டேன். செத்தாலும் பரவாயில்ல, காப்போட சாவுறேன்."

கந்தப்பன் மாமா காலில் விழுந்தேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

"ஆத்தா, இது நான் கட்டுன கயிறு இல்ல, சாமி கட்டுனது. நெனச்சப்ப அவுக்க எனக்கு ஏது அதிகாரம்? பங்காளி வூட்டுல சாவு வுழுந்து தீட்டு வந்தா மட்டுந்தான் காப்ப எறக்கலாம். எங்கப்பன் காலத்துலயும் அப்படித்தான்."

சாவு விழுந்தால்தான் காப்பு இறங்கும். இவர் செத்தால் மட்டும்தான் இவரை டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்று ஆகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காமன் கம்பத்தையே பிடுங்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. நானும் சாமிக்குப் பயந்தவள்தான்.

அன்று மத்தியானம் கிளாக்கர் ஐயா ஆபீஸில் கூப்பிட்டு ஒரு நீலக் கடிதம் கொடுத்தார். துறையூரிலிருந்து இவருடைய பெரியப்பா எழுதியது. தகப்பனைச் சின்னதிலேயே பறிகொடுத்த இவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். எழுபத்திரண்டில் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். இவருக்குப் பங்காளி என்று மிச்சம் இருந்தது அவர் குடும்பம் ஒன்றுதான். இவருக்கு எழுத்து வாசனை கிடையாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த நான்தான் எல்லாக் கடிதத்தையும் படித்துக் காட்டுவேன்.

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நின்று பிரித்தேன். பெரியப்பா நல்ல சுகம். கடலை போட்டிருக்கிறார், மழை போதவில்லை. கடைசியில் இப்படி இருந்தது: 'அழகரு ரதி வேசத்துல இருக்கிற போட்டோ ஒண்ணு அனுப்பு. எம் மகன் ரதியா ஆடுனா ஊரே அழுவும்னு இங்க சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்.'

அதை இரண்டு தரம் படித்தேன். மூன்றாவது தரம் படித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். பந்தலைப் பார்த்து நடந்தேன். அழுதுகொண்டேதான் போனேன். அந்த அழுகை நடிப்பில்லை, பயத்தில் தானாகவே வந்தது. கந்தப்பன் மாமாவும் மற்றவர்களும் கேட்க, கடிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார், எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது என்று படித்தேன். சாவுக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போடுவது எங்கள் வழக்கம். நாலாகக் கிழித்தேன். அந்த வழக்கம் அன்றைக்கு எனக்கு நல்ல வசதியாக இருந்தது.

இவர் 'ஐயோ, பெரியப்பா' என்று மண்ணில் விழுந்தார். ஒரு கண் வீக்கத்தில் மூடிக் கிடந்ததால் இன்னொரு கண்ணில் மட்டும்தான் தண்ணீர் வழிந்தது. கந்தப்பன் மாமா மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார். ரதியின் சேலை அவர் மகனுக்குப் போனது.

மறுநாள் சனிக்கிழமை. முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். டாக்டர் அலவி இவர் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார வைத்தார். வெள்ளை மூடியைக் குத்தி எடுத்தார். சீழ் துளை வழியாக வழிந்து வந்தது. வரவர இவர் முகம் இளகியதைக் கண்ணால் பார்த்தேன். துளையைத் திறந்தபடியே விட்டு, பென்சிலின் ஊசி போட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "இன்னம் ரெண்டு நாள் போயிருந்தா நான் பல்லைப் பத்திப் பேசிட்டு ஈக்க மாட்டேன். ஆளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதுக்கும் நேரம் ஈந்திருக்குமோ தெரியா" என்றார். அந்த வார்த்தையை நான் முடிந்து வைத்துக்கொண்டேன். என் பொய்க்கு எனக்கு அது ஒன்றுதான் சாட்சி.

பௌர்ணமியன்று பொட்டலில் கந்தப்பன் மாமா மகன் ரதியாக அழுதான். இவர் லயத்துக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு பெரியப்பாவுக்காக மொட்டை போட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் சமைத்தேன். துறையூரில் கடலைக் காட்டில் நிற்கிற மனுஷனுக்கு இங்கே இலை போட்டுப் படைத்தேன். லயத்துச் சனம் என் பக்தியைப் பார்த்து மெச்சிக்கொண்டது.

அடுத்த தரம் போனபோது டாக்டர் மொட்டைத் தலையைப் பார்த்து, யார் மௌத்தானது என்று கேட்டார். "எங்க பெரியப்பாங்க. தகப்பன் மாதிரி" என்றார் இவர். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் திரும்பவும் கழுவி மருந்து வைத்தார். சித்திரையில்தான் வேரை நிரப்பினார். ரப்பர் போல ஒரு மெல்லிய குச்சி. அதைத் துளைக்குள் விட்டு, மிச்சத்தைச் சூடு காட்டி அறுத்து, நிரந்தரமாக மூடினார்.

"இனி இது வலிக்காதுங்களா?" என்று இவர் கேட்டார்.

"வலிக்க ஏலா. உள்ளுக்கு உசிர் இல்ல. ஆனா நிக்கும். நீங்க போத்தல் தொறக்காம ஈந்தா உங்களோடயே நிக்கும்."

ஆனி மாதம் பெரியப்பாவின் அடுத்த கடிதம் வந்தது. போட்டோ ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார். இவர் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "யாரு எழுதுனது?" என்றார். இன்னொரு பொய் என் வாயில் தயாராக இருந்தது. ஆனாலும் அந்தப் பதினாறாம் நாள் இலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். பெரியப்பா உயிரோடு இருக்கிறாரே என்று சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் ஆடியிருக்கலாமா?" என்றார்.

எனக்கு எரிந்தது. "ஆடியிருக்கலாம். காமனோட சேத்து ஒங்களையும் எரிச்சிருப்பாங்க."

"எங்கிட்டச் சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமில்ல."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

வெளியில் மூச்சு விடக் கூடாது என்று மட்டும் சொன்னார். பொய்த் தீட்டுக்குக் காப்பை அவிழ்த்தேன் என்று தெரிந்தால் கந்தப்பன் மாமா தாங்க மாட்டார். அதனால் பெரியப்பா எங்கள் தோட்டத்தில் செத்தவராகவே இருந்தார். கடிதங்களை இனி ஹாஷிம் முதலாளி கடை விலாசத்துக்குப் போடச் சொல்லி இவர் ஏற்பாடு செய்தார். முதலாளியே படித்துச் சொன்னார், பதிலும் எழுதினார். போட்டோவும் போனது. அதில் என்ன எழுதியிருந்தது, பெரியப்பா என்னை விசாரித்தாரா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டோம், சண்டைகூட இல்லை. பல்லைக் காப்பாற்றினேன், ஆளைக் காப்பாற்றினேன். அதற்குப் பிறகு இந்த மனுஷன் என் கையில் ஒரு கடிதம் கொடுக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொன்னால் யாருக்கும் விளங்காது.

அதற்குப் பிந்தைய வருஷங்களில் காப்பு திரும்பவும் இவர் கைக்கு வந்தது. எழுபத்தொன்பதில் காப்புக் கட்டி ஐந்தாம் நாள், ஆபீஸிலிருந்து ஒரு நீலக் கடிதத்தோடு இவர் என்னிடம் வந்தார். பெரியப்பாவின் மகன் பழைய விலாசத்துக்கே போட்டுவிட்டான். எல்லையைத் தாண்டி ஹாஷிம் முதலாளியிடம் போக முடியாது. தோட்டத்தில் வேறு யாரிடமும் காட்டவும் முடியாது. மூன்று வருஷத்துக்குப் பிறகு என் கையில் வந்த முதல் கடிதம்.

"உள்ளதப் படி" என்றார்.

ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் படித்தேன். பெரியப்பா தை மாதம் இருபதாம் தேதி காலமாகிவிட்டார். கடைசி நாட்களில் போட்டோவைத் தலைமாட்டில் வைத்திருந்தாராம்.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நெசமாவா?" என்றார்.

"நெசம்."

"சத்தியமா?"

"ஒங்க மேல சத்தியமா."

அதையும் அவர் நம்பினாரா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. தீட்டு என்று சொல்லிக் காப்பை இறக்க வேண்டும். யாரிடம் சொல்வது? இந்தத் தோட்டம் அந்த மனுஷனுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே இலை போட்டுச் சாப்பிட்டாகிவிட்டது. இவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே கிழித்தார். பந்தலுக்கு நடந்தார். துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. மறுநாள் நான் வழக்கம்போல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்து, கொழுந்து பறித்தேன்.

பௌர்ணமி முடிந்து பொழுது வெளுக்கிற நேரத்தில் காமனை எரித்தார்கள். ரதி சாம்பலுக்கு முன்னால் வந்து நின்றாள். ஒப்பாரியின் முதல் அடியை எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது எப்போதும் பாடுகிற குரல் இல்லை. பாட்டில் உள்ள ஒரு சொல்லையும் இவர் மாற்றவில்லை. 'என்னைத் தனியா விட்டுட்டுப் போனீங்களே' என்கிற அடியில் மட்டும் நின்றுவிட்டார். தப்புக்காரர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். திரும்பவும் அதே அடி. திரும்பவும் அதே. கந்தப்பன் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னதை இவர் நம்பியிருந்தார்.

பக்கத்தில் நின்ற வேலாயி என் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "இந்த வருசம் மாதிரி ஒங்க வூட்டுக்காரர் என்னைக்குமே அழுவலக்கா. நெசமாவே புருசனப் பறிகொடுத்த பொம்பள மாதிரியே அழுவுறாரு."

ஆமாம் என்றேன்.